தூண்டிலுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரே போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போதுமா?

தக்கை (சென்னை) – ஞாயிறு, இரவு 9:12

வணக்கம் நண்பர்களே. ஒரு வருடமாக ஞாயிறு காலைகளில் கோவளம் முகத்துவாரத்தில் லூர் (செயற்கை இரை) வீசிப் பழகி வருகிறேன். மற்ற நாட்களில் ஈசிஆரில் அலுவலகத்துக்குக் கார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூலிங் கிளாஸாக இருக்கட்டும் என்று போன மாதம் ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு போலரைஸ்டு வாங்கினேன். பெட்டியோடு ஒரு அட்டை வந்தது. வெறும் கண்ணுக்கு வெள்ளையாக இருக்கும் இடத்தில், கண்ணாடி போட்டால் ஒரு மீன் படம் தெரிய வேண்டும். தெரிந்தது. சரி, அசல்தான் என்று நம்பினேன்.

இன்று காலை ஆறரை மணி. சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்தது. தண்ணீரில் வெள்ளித் தகடு விரித்தாற்போல் ஒரே பளபளப்பு. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். கொஞ்சம் இருட்டானது, அவ்வளவுதான். கூச்சம் போகவே இல்லை. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். அது மட்டுமல்ல, அரை மணி நேரம் போட்டிருந்தாலே நெற்றிப்பொட்டு வலிக்கிறது.

நான் ஏமாந்துவிட்டேனா? அல்லது போலரைஸ்டு என்றாலே இவ்வளவுதானா? இன்னும் காசு போட்டு நல்லதாக வாங்கினால் தீருமா?

வண்டிக்காரன்47 – ஞாயிறு, இரவு 9:30

அட்டையில் மீன் தெரிந்ததல்லவா? அந்தக் கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. மீன் பார்க்கத்தானே வாங்கினீர்கள். :)

லென்ஸ்மேசை (மதுரை) – ஞாயிறு, இரவு 10:47

பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தக்கை தம்பி, நீங்கள் பார்த்த நேரம்தான் தப்பு. கண்ணாடியைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

வெயிலில் இருந்து வரும் ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வரும். அது தண்ணீரிலோ தார் ரோட்டிலோ சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, கிடைவாக்கில் அதிரும் பங்கு அதிகமாகத் தெறிக்கிறது. போலரைஸ்டு லென்ஸுக்குள் இருக்கும் படலம் நெட்டுவாக்கில் அதிரும் ஒளியை மட்டும் விடும், கிடைவாக்கை நிறுத்திவிடும். மூங்கில் தட்டி போல நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் நெட்டாக நிற்கும் தட்டியில் கம்பை நெட்டாகப் பிடித்தால் நுழையும், படுக்கப் போட்டுப் பிடித்தால் நுழையாது. (இயற்பியல் வாத்தியார்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும், உவமை முழுக்கச் சரியில்லை என்று எனக்கும் தெரியும்.)

இங்கேதான் விஷயம். தெறிக்கும் ஒளி எல்லாச் சாய்விலும் ஒரே அளவு கிடைவாக்காக ஆவதில்லை. தண்ணீருக்கு ஒரு குறிப்பிட்ட கோணம் உண்டு. 1815-ல் டேவிட் புரூஸ்டர் கண்டு சொன்னது. செங்குத்தில் இருந்து அளந்தால் சுமார் 53 பாகை, தண்ணீர் மட்டத்தில் இருந்து அளந்தால் சுமார் 37 பாகை. அந்தக் கோணத்தில் தெறிக்கும் ஒளி முழுக்கக் கிடைவாக்கு. கண்ணாடி அதைச் சுத்தமாக வெட்டிவிடும். அதை விட்டு மேலேயோ கீழேயோ விலக விலக வெட்டு குறைந்துகொண்டே போகும்.

காலை ஆறரைக்குச் சூரியன் ஏழெட்டுப் பாகை உயரத்தில்தான் இருக்கும். தண்ணீரை உரசிக்கொண்டு வந்து உங்கள் கண்ணில் அடிக்கிறது. அந்தத் தெறிப்பில் போலரைசேஷன் குறைவு. பத்தாயிரம் ரூபாய்க் கண்ணாடி போட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதே இடத்தில் எட்டு, எட்டரைக்கு நின்று பாருங்கள். சூரியன் ஏறத்தாழ அந்த 37 பாகைக்கு வந்திருக்கும். அப்போது போட்டுக் கழற்றினால் நீங்களே சத்தம் போடுவீர்கள்.

மீன் தேடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீருக்கு மேல் உங்கள் கண் எவ்வளவு உயரமோ, அதை 1.33-ஆல் பெருக்குங்கள். அந்தத் தூரத்தில்தான் தண்ணீர் மிகத் தெளிவாகத் தெரியும். கரையோரம் நின்றால் கண் ஐந்தரை அடி உயரம், ஆக ஏழு அடி தூரம். பாலத்தின் மேல் நின்று கண் 18 அடி உயரத்தில் இருந்தால் 24 அடி தூரம். முப்பது அடிக்கு அப்பால் இருப்பதைக் கரையில் நின்றே பார்த்துவிடலாம் என்று கண்ணாடியைக் கஷ்டப்படுத்தாதீர்கள், ஒரு கல் மேல் ஏறுங்கள்.

தலைவலி வேறு கதை. லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கண்ணாடியைக் கையில் பிடித்து, திரைக்கு முன்னால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் லென்ஸ் கறுத்துப்போகும். இரண்டு லென்ஸும் ஒரே நேரத்தில் கறுக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தக்கை – ஞாயிறு, இரவு 11:20

இப்போதுதான் செய்து பார்த்தேன். இடது லென்ஸ் முழுக்கக் கறுத்த இடத்தில் வலது லென்ஸ் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது. கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு மூன்று நிமிடம் நகரும் அளவுக்கு இன்னும் திருப்பினால்தான் அது கறுக்கிறது. அதற்குள் இடது மறுபடி வெளுத்துவிடுகிறது.

லென்ஸ்மேசை – ஞாயிறு, இரவு 11:41

அப்படியானால் லென்ஸ் அசல், பொருத்திய விதம் கோளாறு. ஒரு லென்ஸை ஃபிரேமில் கோணலாக மாட்டியிருக்கிறார்கள். இடது கண்ணுக்குத் தண்ணீர் தெளிகிறது, வலது கண்ணுக்குக் கொஞ்சம் பளபளப்பு மிச்சம். இரண்டு கண்ணும் இரண்டு கதை சொன்னால் மூளை எதை நம்பும்? தலைவலிக்கு அதுவே போதும். திருப்பி அனுப்ப நாள் இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

அட்டைச் சோதனை ஒப்புக்குத்தான். படலம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். நேராக இருக்கிறதா என்று சொல்லாது.

கோவை544 – திங்கள், காலை 6:55

மீன் பக்கம் எனக்குத் தெரியாது. கோவை–கொச்சி, கோவை–சேலம் என்று வாரம் மூன்று நடை டாக்ஸி ஓட்டுகிறேன். வண்டிப் பக்கம் கொஞ்சம் சொல்லட்டுமா?

மதிய வெயிலில் ஓட்டும்போது டேஷ்போர்டின் நிழல் முன் கண்ணாடியில் பேய் மாதிரி மிதக்கும். அது போலரைஸ்டில் பெருமளவு மறைகிறது. முன்னால் போகும் வண்டியின் பானெட், டிக்கி மேல் அடிக்கும் கூச்சமும் குறையும். இதற்காகவே வாங்கலாம். ஆனால் சேலத்தில் இருந்து சாயங்காலம் திரும்பும்போது, அவினாசி தாண்டி, சூரியன் நேராக முகத்தில் அடிக்கும் பாருங்கள், அதற்கு இது மருந்தில்லை. நேர் வெயில் எதிலும் பட்டுத் தெறித்து வருவதில்லை. சாதா கறுப்புக் கண்ணாடி செய்வதைத்தான் இதுவும் செய்யும். சன்வைசரை இறக்குங்கள், முன் கண்ணாடியை உள்பக்கம் துடையுங்கள். பாதிக் கூச்சம் அந்த எண்ணெய்ப் படலத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, குதிரான் சுரங்கம். பாலக்காடு தாண்டித் திருச்சூர் போகும் வழியில். நடுப்பகல் வெயிலில் இருந்து ஒரு நொடியில் உள்ளே நுழைந்துவிடுவோம். முதல் தடவை கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தேன். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் அந்தரத்தில் தொங்கியது, லாரியைக் காணோம். அன்றிலிருந்து சுரங்கம் வரும் பலகையைப் பார்த்ததுமே கழற்றி மடியில் போட்டுக்கொள்வேன். கண்ணாடி ஒரு கையால் கழற்ற வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். காதைச் சுற்றிக் கொக்கி போட்டதெல்லாம் ஓட்டுநருக்கு ஆகாது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஊருக்கு வெளியே ஒரு பங்க்கில் டீசல் போட நின்றேன். பையன் "ஜீரோ பாத்துக்கங்கண்ணா" என்றான். பார்த்தால் மீட்டரில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. என்னடா இது என்று சண்டைக்கே போய்விட்டேன். அவன் பொறுமையாக "கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்கண்ணா" என்றான். ஜீரோ பளிச்சென்று இருந்தது. எத்தனை பேரிடம் அவன் இதைச் சொல்லியிருப்பானோ.

வண்டிக்காரன்47 – திங்கள், காலை 8:10

இதே கதை எனக்கு மேப்பில். மொபைலை ஸ்டாண்டில் படுக்கவைத்தால் திரை இருட்டு, நிமிர்த்தினால் சரியாகிவிடுகிறது. மொபைல் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டர் வரை போனேன்.

லென்ஸ்மேசை – திங்கள், காலை 9:35

எல்சிடி திரையில் இருந்து வரும் ஒளியே போலரைஸ்டு ஒளி. அதன் கோணமும் உங்கள் கண்ணாடியின் கோணமும் முறுக்கிக்கொண்டால் கறுப்பாகத்தான் தெரியும். முன் கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே இருக்கிற கார்களில் அந்த எழுத்தே மங்கிப்போகும், ஏனென்றால் அதுவும் கண்ணாடியில் பட்டுத் தெறித்து வரும் ஒளிதானே. விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் போலரைஸ்டு வேண்டாம் என்று சொல்வதற்கும் கருவித் திரைகள் ஒரு காரணம்.

சிலர் "முன்னால் போகும் காரின் பின் கண்ணாடியில் சிறுத்தைப் புள்ளி மாதிரி தெரிகிறது, லென்ஸ் டேமேஜா?" என்று கடைக்கு வருவார்கள். இல்லை. டஃபன்டு கண்ணாடியைச் சூடாக்கிக் காற்றடித்துக் குளிர்விக்கும்போது உள்ளே பதிந்த அழுத்தம் அது. உங்கள் கண்ணாடி அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். புள்ளி தெரிந்தால் போலரைசேஷன் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

புல்லட்_பாண்டி – திங்கள், காலை 10:02

ஹெல்மெட் வைசர் வழியாகப் பார்த்தால் எண்ணெய் கொட்டிய மாதிரி வானவில் தெரிவதும் இதனால்தானா? நான் வைசரை மாற்றிவிட்டேனே அண்ணே!

லென்ஸ்மேசை – திங்கள், காலை 10:15

அதே கதைதான். பழைய வைசரைத் தூக்கிப் போடாமல் இருந்தால் எடுத்து வையுங்கள்.

உப்புக்காற்று (தூத்துக்குடி) – திங்கள், மதியம் 1:40

எல்லாரும் கூச்சத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தூண்டில்காரனுக்குக் கண்ணாடி முதலில் ஒரு கவசம். அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

மூன்று வருடத்துக்கு முன்னால் துறைமுகத்துக்குத் தெற்கே பாறையோரம் 40 கிராம் ஜிக் (எடை கூடிய லூர்) போட்டுக்கொண்டிருந்தேன். ஜிக் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. ராடை வளைத்து இழுத்தேன். இழுக்கக்கூடாது, தெரியும், இருந்தாலும் இழுத்தேன். பிரெய்டு நூல் வயலின் தந்தி மாதிரி விறைத்து நின்றது. படக்கென்று விடுபட்டது. சத்தம்தான் முதலில் கேட்டது, "டக்" என்று, முகத்திலேயே. வலது லென்ஸில் நடுவில் இருந்து கொஞ்சம் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைக் குழி. லென்ஸ் பாலிகார்பனேட், அதனால் உடையவில்லை. அந்தக் கண்ணாடியை இன்னும் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டம்மா அதற்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டுகிறாள்.

ஆகவே கண்ணாடி லென்ஸ் (கிளாஸ்) கீறல் விழாது, தெளிவு அதிகம் என்று யார் சொன்னாலும், லூர் வீசுகிறவன் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் (இரண்டும் எளிதில் உடையாத பிளாஸ்டிக்) வாங்கட்டும்.

இன்னொன்று. எங்கள் அப்பா நாற்பது வருடம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத்தில் இருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருந்தது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான் இதற்குப் பெரிய காரணம் என்று டாக்டர் சொன்னார். கடலில் மேலிருந்து வருவது போதாதென்று தண்ணீரில் பட்டும் கொஞ்சம் வரும். அப்பா கடைசிவரை கூலிங் கிளாஸ் போடவில்லை. "சினிமாக்காரனா நான்?" என்பார்.

தக்கை – திங்கள், மதியம் 2:05

அண்ணாச்சி, போலரைஸ்டு என்றாலே யூவி தடுக்கும் அல்லவா?

லென்ஸ்மேசை – திங்கள், மதியம் 3:30

கூடவே வரும் என்று சட்டம் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை. போலரைஸ்டு கூச்சத்துக்கு, யூவி400 என்றால் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாவைத் தடுப்பதற்கு. பாலிகார்பனேட் தன் இயல்பிலேயே யூவியைத் தடுத்துவிடும். மற்றதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் சாயம் ஏற்றிய கறுப்புக் கண்ணாடியில் ஆபத்து இன்னும் கொஞ்சம் கூட, இருட்டில் கண்பாவை விரியும், தடுக்காத யூவி தாராளமாக உள்ளே போகும்.

கடையில் யூவி மீட்டர் இருக்கும், கேட்டால் வைத்துக் காட்டுவார்கள். வீட்டில் செய்ய ஒரு வழி: நோட்டுச் சோதிக்கும் யூவி டார்ச் ஒன்றும் நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் எடுங்கள். இருட்டறையில் டார்ச்சை அடித்தால் நோட்டின் வரிசை எண்ணும் ஆங்காங்கே சிறு நூலிழைகளும் மினுங்கும். இப்போது லென்ஸை டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் பிடியுங்கள். மினுக்கம் அணைய வேண்டும். லென்ஸ் வழியாக நோட்டைப் பார்க்காதீர்கள், அதில் எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

காதில் மாட்டும் தண்டின் உள்பக்கம் "கேட்டகரி" என்று ஒரு எண் இருக்கும். 2 என்றால் 18 முதல் 43 சதவீதம் ஒளியை விடும். 3 என்றால் 8 முதல் 18. 4 என்றால் 3 முதல் 8, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. உங்கள் தேவைக்கு 3.

விரால்வேட்டை (செங்கல்பட்டு) – திங்கள், மாலை 6:18

நிறம்! யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லையே.

நான் ஏரிக்காரன். தாமரை இலை, அல்லி, பாசி, கலங்கல் தண்ணீர். எனக்குச் செம்பு நிறம் அல்லது பழுப்பு லென்ஸ்தான். நீல ஒளியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதால் பச்சைக்கும் பழுப்புக்கும் உள்ள வித்தியாசம் எடுத்துக் காட்டும். விரால் மூச்செடுக்க மேலே வந்து போகும்போது இலை நடுவில் ஒரு சின்னச் சுழிப்பு தெரியும். சாம்பல் லென்ஸில் அதைப் பலமுறை தவறவிட்டிருக்கிறேன். போன ஆடியில் ஒரு மடைப்பக்கம் பார்த்தேன். தண்ணீருக்குள் செங்கல் பொடி தூவிய மாதிரி ஒரு கூட்டம், உள்ளங்கை அகலத்துக்கு, மெதுவாகச் சுருங்கி விரிந்து நகர்ந்தது. விரால் குஞ்சுகள். அரை அடி கீழே கரிக்கட்டை மாதிரி தாய் நின்றது. கண்ணாடியைக் கழற்றினால் வெறும் வானம்தான் தண்ணீரில்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்தத் தாய்க்குத் தவளை லூர் போடவில்லை. குஞ்சோடு இருக்கும் விராலை எடுத்தால் அந்தக் கூட்டம் இரண்டு நாளில் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் இரை.

உப்புக்காற்று – திங்கள், இரவு 7:02

ஏரிக்குச் சரி தம்பி. கடலுக்குச் சாம்பல்தான். நடுப்பகலில் படகில் நின்றால் சுற்றிலும் வெளிச்சம், செம்பு லென்ஸில் எல்லாம் வெந்த மாதிரி தெரியும். எனக்குத் தண்ணீரின் நிறம் உள்ளபடி தெரிய வேண்டும். நீலம் எங்கே பச்சையாகிறது என்பதை வைத்துத்தான் அடியில் பாறையா மணலா என்று சொல்கிறோம்.

விரால்வேட்டை – திங்கள், இரவு 7:20

தக்கை அண்ணன் படகில் எங்கே போகிறார்? முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். அது ஏரிக் கணக்குதான்.

உப்புக்காற்று – திங்கள், இரவு 7:26

முழங்கால் தண்ணீர் என்றால் பழுப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே கண்ணாடி மாதிரி மின்னும் மிரர் கோட்டிங் வேண்டாம். உப்பும் மணலும் பட்டு ஒரே சீசனில் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

கோவை544 – திங்கள், இரவு 9:15

வண்டிக்கும் பழுப்பு நல்லதுதான். மேகமூட்டத்திலும் ரோடு எடுத்துக் காட்டும். சிக்னல் நிறம் மாறாது, ரொம்ப ஆரஞ்சாக இல்லாத வரை. மஞ்சள் மட்டும் வேண்டாம்.

புல்லட்_பாண்டி – திங்கள், இரவு 9:33

மஞ்சள்தானே நைட் டிரைவிங்குக்கு என்று விற்கிறார்கள்? எதிர் வண்டி ஹெட்லைட் கூசாது என்று விளம்பரத்தில் பார்த்தேன்.

லென்ஸ்மேசை – திங்கள், இரவு 10:20

ராத்திரியில் ஏற்கெனவே வெளிச்சம் பற்றாக்குறை. அதில் இன்னும் கொஞ்சத்தைத் தடுத்துவிட்டு, நன்றாகத் தெரிகிறது என்றால் எப்படி? 2019-ல் அமெரிக்காவில் டிரைவிங் சிமுலேட்டரில் உட்காரவைத்து இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மஞ்சள் கண்ணாடி போட்டதால் ரோட்டில் நடப்பவர்களைக் கண்டுகொள்வதில் முன்னேற்றம் எதுவும் இல்லை. என் கடைக்கும் கேட்டு வருகிறார்கள். முதலில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்வேன். பாதிப் பேருக்கு அரை பவரோ முக்கால் பவரோ விட்டுப்போயிருக்கும்.

மைனஸ்நாலு – செவ்வாய், காலை 7:48

உள்ளே வரலாமா? எனக்கு இரண்டு கண்ணும் மைனஸ் 4. உங்களை எல்லாம் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எனக்கு என்ன வழி? வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் போட்டிருக்கிறேன், காரில் அது கறுப்பதே இல்லை.

லென்ஸ்மேசை – செவ்வாய், காலை 10:05

தானாகக் கறுக்கும் லென்ஸ் யூவி பட்டால்தான் கறுக்கும். காரின் முன் கண்ணாடி யூவியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் வெள்ளையாகவே உட்கார்ந்திருக்கும். லென்ஸ் மேல் குற்றமில்லை.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பவர் போட்ட போலரைஸ்டு லென்ஸ். நல்ல கடைகளில் ஆர்டர் கொடுத்தால் வரும், வண்டிக்கு சிஆர்-39 (சாதா பிளாஸ்டிக் லென்ஸ்), தூண்டிலுக்கும் சேர்த்து என்றால் பாலிகார்பனேட். ஃபிரேமை மட்டும் கவனமாக எடுங்கள். முகத்தை வளைத்துப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் ஃபிரேமில் மைனஸ் 4 போட்டால் ஓரமெல்லாம் வளையும், நடக்கும்போது தரை ஆடும். வளைவு குறைந்த ஃபிரேம் எடுங்கள். மாட்டி முடித்ததும் மேலே சொன்ன லேப்டாப் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

இரண்டு, இருக்கிற கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் பெரிய போலரைஸ்டு. பார்க்கக் கொஞ்சம் வெல்டிங் பட்டறைக் களை இருக்கும். ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தை அடைத்துவிடுவதால் மீன்பிடிக்கப் பிரமாதம்.

விரால்வேட்டை – செவ்வாய், காலை 10:40

பக்கவாட்டு வெளிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது லென்ஸின் உள்பக்கம் பட்டு நம் கண்ணையே நமக்குக் காட்டும். என் சொந்த இமைமுடியைப் பார்த்துக்கொண்டே பாதி நாள் வீசியிருக்கிறேன். தொப்பி போடுங்கள், அதுவும் விளிம்பின் அடிப்பக்கம் கறுப்பாக உள்ளதாக. வெள்ளை அடிப்பக்கம் தண்ணீர் வெளிச்சத்தை வாங்கி முகத்தில் அடிக்கும்.

வண்டிக்காரன்47 – செவ்வாய், மதியம் 12:30

எல்லாம் சரி. ஆனால் படலம் ஒன்றுதான் என்றால், ரோட்டோரம் 300 ரூபாய்க்கு விற்பதற்கும் 15,000 ரூபாய்க் கண்ணாடிக்கும் பெயர்தானே வித்தியாசம்? காசு கொழுத்தவர்கள் வாங்கட்டும்.

லென்ஸ்மேசை – செவ்வாய், மதியம் 2:50

பாதி உண்மை. போலரைசேஷன் விலை உயர்ந்த சமாச்சாரமே இல்லை. பாலிவினைல் ஆல்கஹால் படலத்தை இழுத்து நீட்டி, அயோடின் ஏற்றிச் செய்வது. 1930களில் எட்வின் லேண்ட் தொடங்கிவைத்த வழி. போலராய்டு என்ற பெயரே அங்கே இருந்து வந்ததுதான். 300 ரூபாய்க் கண்ணாடியிலும் அது இருக்கக்கூடும்.

விலை ஏறுவது மற்ற இடங்களில். மலிவானதில் பெரும்பாலும் டிஏசி லென்ஸ், அந்தப் படலத்தை இரண்டு பக்கமும் மெல்லிய தாள்களுக்கு நடுவே ஒட்டியது. டேஷ்போர்டு மேல் மே மாதம் இரண்டு நாள் விட்டால் வளையும், ஓரத்தில் தோல் உரியும். தூரத்தில் உள்ள கரண்டுக் கம்பியை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே தலையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கம்பி பாம்பு மாதிரி நெளிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். விலை கூடும்போது இந்த நெளிவு போகும், படலம் லென்ஸுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும், உள்பக்கம் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏஆர் கோட்டிங் இருக்கும், இரண்டு லென்ஸும் நேராக இருக்கும்.

அதற்கும் மேலே போனால் நிற வடிகட்டி. காஸ்டா என்ற பிராண்டில் 580 என்று ஒரு எண் போடுகிறார்களே, அது 580 நானோமீட்டர், மஞ்சள் ஒளி. அந்தத் துண்டைக் குறைத்தால் மற்ற நிறங்கள் தனித்தனியாக எடுத்து நிற்கும். ஓக்லி பிராண்டின் பிரிஸம் (Prizm) லென்ஸும் இந்த வகையறாதான். நன்றாகவே இருக்கும், பொய் இல்லை. ஆனால் வருடத்துக்கு 40 ஞாயிறு மீன் பிடிக்கிறவருக்கு அது தேவையா என்றால், என் கைக்காசு என்றால் நான் போடமாட்டேன். அதிலும் படகில் இருந்து குனிந்து தண்ணீரில் ஒரு கண்ணாடியைத் தொலைத்தவன் நான்.

உப்புக்காற்று – செவ்வாய், மதியம் 3:15

கழுத்துக் கயிறு. 50 ரூபாய். அதைச் சொல்லாமல் போகிறீர்களே!

துடைக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலில் இருந்து வந்ததும் லுங்கி நுனியால் துடைக்காதீர்கள். லென்ஸில் காய்ந்திருப்பது உப்புக் கல், உப்புத்தாளால் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு விரலால் தடவி அலசிய பிறகுதான் துணி.

கோவை544 – செவ்வாய், இரவு 8:40

மழைக்கு ஒரு வார்த்தை. ஈர ரோட்டின் மினுமினுப்பை இந்தக் கண்ணாடி அழித்துவிடும். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எங்கே டீசல் கொட்டியிருக்கிறது என்று அந்த மினுக்கை வைத்துத்தான் நான் கண்டுகொள்கிறேன். தூறல் விழ ஆரம்பித்ததும் கழற்றிவிடுவேன். வேறு மாதிரி செய்பவர்களும் இருக்கிறார்கள், இது என் பழக்கம்.

தக்கை – அடுத்த ஞாயிறு, காலை 11:52

எல்லாருக்கும் நன்றி. பழையதைத் திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வந்துவிட்டது. வியாழக்கிழமை கடைக்கே போய் பழுப்பு, கேட்டகரி 3, பாலிகார்பனேட், வளைவு மிதமானது, 2,700 ரூபாய். கடைக்காரரின் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் ஐந்து கண்ணாடிகளைச் சுற்றிப் பார்த்தேன். மூன்றாவதில் மறுபடி அந்தக் கோணல். கடைக்காரரே வாங்கிப் பார்த்துவிட்டு "அட" என்றார். ஐந்தாவதுதான் வீட்டுக்கு வந்தது. அது ஒரு பெரிய பிராண்டும் இல்லை.

இன்று எட்டே கால் மணிக்கு, லென்ஸ்மேசை அண்ணன் கணக்குப்படி, ஒரு சின்னப் பாலத்தின் மேல் போய் நின்றேன். தண்ணீரில் இருந்து என் கண் 12 அடி உயரம் இருக்கும். 16 அடி தூரத்தில் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் மணல் வரிகள் தெரிந்தன. அப்புறம் ஒரு சைக்கிள் டயர். அதற்கு மேலாக மடவைக் குஞ்சுகள் வரிசையாகப் போயின. தூணின் நிழலில் ஒரு மரத்துண்டு கிடந்தது. அது செவுளை அசைத்தது. கொடுவா, கை நீளம். கண்ணாடியைக் கழற்றினேன், வெள்ளைத் தகடு. போட்டேன், மீன். நாலு தடவை கழற்றிப் போட்டிருப்பேன். ஐந்தாவது தடவை கையை உயர்த்தியபோது என் நிழல் தண்ணீரில் ஆடியது போல. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. ராடை இன்னும் பையில் இருந்தே எடுக்கவில்லை.

தலைவலி இல்லை.

விரால்வேட்டை – அடுத்த ஞாயிறு, மதியம் 12:01

எந்தப் பாலம்?

உப்புக்காற்று – அடுத்த ஞாயிறு, மதியம் 12:03

எந்தப் பாலம் தம்பி?

தக்கை – அடுத்த ஞாயிறு, மதியம் 12:20

ஈசிஆரில் பாலங்கள் நிறைய இருக்கின்றன அண்ணாச்சி.